புழுதியில் பெற்ற பெயர்

2024-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 19-ஆம் தேதி, அரேபியாவின் செங்கடற்கரையில் யான்பு என்னும் துறைமுகப் பட்டணத்திலே, உடம்பெல்லாம் மணல் அப்பிய ஒரு மனிதர், உடம்பெல்லாம் மணல் அப்பிய ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார். இரண்டு வார காலம் பாலைவனத்திலும் பாறைக்காட்டிலும் ஓடி வந்த வண்டி அது. முதலில் வந்த அமெரிக்கருக்கும் இவருக்கும் மொத்தக் கணக்கில் சுமார் 11 நிமிஷந்தான் வித்தியாசம். இறங்கியவரின் பெயர் ராஸ் பிராஞ்ச். ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானா தேசத்தவர். வண்டியின் பெயர் ஹீரோ. அது நமது தேசத்துக் கம்பெனியின் வண்டி.

டக்கார் பந்தயம் என்று உலகம் அழைக்கும் இந்தப் போட்டியில் இந்தியக் கம்பெனி ஒன்றின் வண்டி முதல் மூன்று ஸ்தானங்களுக்குள் வந்தது அதுவே முதல் தடவை. அந்த வருஷம் முடிவதற்குள், இத்தகைய நெடுந்தூர ஓட்டங்களுக்கான உலக சாம்பியன் பட்டத்தையும் பிராஞ்ச் அதே கம்பெனியின் வண்டியில் பெற்றார். கிரிக்கெட் பந்து போகிற திசையிலேயே கழுத்தைத் திருப்பிப் பழகிவிட்ட நாம் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒருவேளை கவனித்திருந்தாலும் உடனே ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். ஓட்டியவரோ அயல் தேசத்தவர். வண்டியை முதலில் உருவாக்கியதில் ஜெர்மானிய நிபுணர்களுக்குப் பங்கு உண்டு. இதில் நாம் மார் தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?

சந்தேகம் நியாயமானதுதான். அதற்குப் பதில் தேடுமுன் நேயர்களைச் சற்றுப் பின்னால், 1948-ஆம் வருஷத்துக்கு, அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். ஆசனத்தின் அடியில் இரண்டு சுருள் வில் இருக்குமே தவிர, சக்கரத்துக்கு வில் கிடையாது. நம் ஊர்க் கட்டை வண்டியை நினைத்துக்கொண்டால் போதும். கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் துள்ளும்; ஏறியிருப்பவருடைய முதுகெலும்பும் கூடவே துள்ளும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியார் 1948-ல் இந்தக் கட்டை வண்டியை வில் வண்டியாக்கினார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கரங்களைச் சட்டத்தோடு ஒரு கீலில் மாட்டி, மேலும் கீழும் ஊசலாடவிட்டு, அந்த ஆட்டத்தை அடக்குவதற்கு எண்ணெய் நிரப்பிய வில் குழாய்களைப் பொருத்தினார்கள். சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் சோதனைப் போட்டிகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இதைக் கண்டு தலையை ஆட்டினார்கள். பின்சக்கரம் ஆடினால் மண்ணில் பிடிப்பு எப்படி இருக்கும் என்பது அவர்களுடைய கட்சி. சக்கரம் ஆடுவதனாலேயே மண்ணை விட்டு விலகாமல் இருக்கிறது என்பது கம்பெனியாரின் கட்சி.

வழக்கு அதே வருஷத்தில் இத்தாலியில் தீர்ந்தது. 'சர்வதேச ஆறு நாள் சோதனை' என்று ஒரு போட்டி, 1913-ல் தொடங்கியது. தேசத்துக்குத் தேசம் அணி சேர்த்துக்கொண்டு, ஆறு நாட்கள் மலைப் பாதைகளில் மணிக்கணக்குத் தவறாமல் ஓட்ட வேண்டும். வண்டி பழுதானால் ஓட்டுகிறவரே தம் கையால், தம்மிடமுள்ள கருவிகளால் சரி செய்துகொள்ள வேண்டும். பிறர் ஒரு திருகாணியைத் தொட்டாலும் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். முக்கியமான பாகங்களை மாற்றிவிடாதபடி முதல் நாளே அடையாளமிட்டு வைப்பார்கள். 1948-ல் ஸான் ரெமோவில் நடந்த இந்தச் சோதனையில் பிரிட்டிஷ் அணி வெற்றி பெற்றது. அந்த அணியில் இருந்த இரண்டு ஊசலாடும் வண்டிகளும் தங்கப் பதக்கத்துடன் திரும்பின.

அந்த வண்டியின் பெயர் புல்லட்.

ஆம், நம் திருவொற்றியூர்ப் புல்லட்டேதான். 1955-ல் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி ராயல் என்பீல்டுடன் கூட்டுச் சேர்ந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே கோக்கப்பட்டன. பிறகு பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. இங்கிலாந்தில் 1970-ல் அந்தக் கம்பெனியின் வேலை அடியோடு நின்றுபோயிற்று. நின்ற பிறகும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் அடங்கிய கடற்கரையில், இவ்வளவு பேருடைய ஆசைக்கு ஒரு வாகனம் செய்துகொண்டிருந்தது வேடிக்கைதான்!

நம்மிடம் வந்த புல்லட் என்ன செய்தது? ராணுவத்தில் எல்லையைக் காத்தது. அது பெருமைக்குரிய வேலை. போலீஸ் அதிகாரியைச் சுமந்தது. பண்ணையாரைச் சுமந்தது. மாப்பிள்ளைக்குச் சீராகப் போயிற்று. தெரு முனையில் 'தட், தட்' என்று கேட்டவுடன் வருகிறவர் யாரென்று வீட்டுக்குள்ளிருந்தே தெரிந்துகொண்டார்கள். எல்லாம் சரி. ஆனால் அது சேற்றில் புரண்டு, பாறையில் ஏறி, ஆறு நாள் பட்டினிச் சோதனை போன்ற ஒன்றில் தங்கம் வாங்கிய வண்டி என்பதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. குஸ்தி வாத்தியாரைக் கூட்டி வந்து வாசலில் உட்காரவைத்து விட்டோம்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் புழுதிப் பந்தயம் வேகமாக வளர்ந்தது. அதன் பிறப்பே ஒரு தகராறில்தான். 1924-ல் இங்கிலாந்தின் தென்பகுதியில் காம்பர்லி என்ற இடத்தருகே சில இளைஞர்கள், நடுவர்கள் நின்று மதிப்பெண் போடும் பகுதிகளையெல்லாம் நீக்கிவிட்டு, முதலில் வந்தவருக்கே வெற்றி என்று ஒரு போட்டியை வகுத்தார்கள். அதைச் 'சோதனை' என்று அழைக்கக் கூடாதென்று சங்கத்தார் தடுத்தார்கள். என்ன பெயர் வைத்தாலும் முட்டி மோதிக்கொண்டு ஓடும் அமளிதானே என்று சொல்லி, அமளி என்ற பொருள்படும் 'ஸ்கிராம்பிள்' என்பதையே பெயராக வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'மோட்டோகிராஸ்' என்று நாகரிகமான பெயர் சூட்டினார்கள். நம் தேசம் சுதந்திரம் பெற்ற அதே 1947-ல் ஹாலந்தில் முதன்முதலாகத் தேசங்களுக்கிடையே மோட்டோகிராஸ் போட்டி நடந்தது. அப்போதும் பிரிட்டனே ஜயித்தது.

அந்த ஆதிக்கத்தை உடைத்தது எந்த வல்லரசும் அல்ல. செக்கோஸ்லோவாகியா என்ற சிறிய தேசம். அங்கே ஸ்ட்ராகோனிட்ஸே என்ற ஊரில், 1919-ல் ஆயுதங்கள் செய்வதற்காக ஏற்பட்ட தொழிற்சாலையிலிருந்து சி.இஸட். என்ற மோட்டார் சைக்கிள் வந்தது. (பிரிட்டனின் புகழ் பெற்ற பி.எஸ்.ஏ.யும் பிர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கிக் கம்பெனிதான். துப்பாக்கிக் குழல் கடைகிற கை என்ஜினையும் நன்றாகக் கடையும் போலும்!) சி.இஸட். வண்டியின் என்ஜினில் வால்வுகள் இல்லை. பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், ஒரு வெடிப்பு உண்டு. அதாவது நான்கு அடி என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் உந்துதல், இந்த இரண்டு அடி என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைத்தது. பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. சேற்றில் எடைதானே எமன்? 1964-ல் ஜோயல் ராபர் என்ற 20 வயது பெல்ஜிய இளைஞர் இதில் ஏறி 250 வகுப்பின் உலக சாம்பியன் ஆனார். 500 வகுப்பில் ஜெப் ஸ்மித் 1964, 1965 இரண்டு வருஷமும் பி.எஸ்.ஏ. மீது பட்டம் வென்றார். அந்த வகுப்பில் பிரிட்டிஷ் வண்டிக்குக் கிடைத்த கடைசிப் பட்டம் அது. அடுத்த மூன்று வருஷமும் கிழக்கு ஜெர்மனியின் பால் பிரீட்ரிக்ஸ் சி.இஸட். மீது வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். 1970-லிருந்து ஜப்பானியர் வந்தார்கள். பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை.

சி.இஸட்.டின் சகோதரக் கம்பெனியான ஜாவாவின் வண்டிகள் 1961 முதல் மைசூரில் செய்யப்பட்டன. பின்னர் அவற்றுக்கு எஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆக, புல்லட்டைப் போலவே, உலகச் சேற்றையெல்லாம் வென்ற இன்னொரு குடும்பத்தின் பிள்ளையும் நம் வீட்டில் முப்பத்தைந்து வருஷம் வளர்ந்தது. அதையும் நாம் காரியாலயத்துக்கும் கல்லூரிக்குமே அனுப்பினோம்.

ஆனால் நம் இளைஞர்கள் எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் சாலைக்கு வந்தது. 98 ஸி.ஸி. என்ஜின்தான், 1996 வரை செய்யப்பட்டது. சாலைக்கென்று செய்த அந்தச் சிறிய வண்டியைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். விளக்கைக் கழற்றினார்கள், சக்கர மூடியைக் கழற்றினார்கள், அகலமான கைப்பிடி மாட்டினார்கள், மண்ணைக் கவ்வும் முரட்டு டயரைப் பொருத்தினார்கள், சிலிண்டரின் துளைகளை அரத்தால் ராவி ராவி அகலமாக்கினார்கள். ஊருக்கு வெளியே பொட்டலில் மண்ணைக் குவித்து மேடு கட்டி, மணல் மூட்டை அடுக்கி வளைவு குறித்தால் அதுவே பந்தயத் திடல். பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிந்த அந்த நீலப் புகையின் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள், இன்றும் எங்கேனும் ஒரு பழைய ஆர்.எக்ஸ். போனால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் புகை நல்லதல்ல. அதைத் தடுத்த சட்டமும் சரியான சட்டமே, மறுக்கவில்லை. ஆனாலும் மனது ஏங்குவதற்குச் சட்டத்தைக் கேட்டுக்கொள்வதில்லை.

பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி இல்லாமல், சாலை வண்டியை அறுத்து ஒட்டிப் பழகிய இந்தப் பரம்பரைக்குப் பிறகுதான் டக்கார் வந்தது. பெங்களூர் வாசியான ஸி.எஸ். சந்தோஷ் 2015-ல் தென் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் ஆனார், 36-ஆவது ஸ்தானம். அப்போது அவர் ஓட்டியது அயல்நாட்டு வண்டி. 2017-ல் ஹீரோ அணி முதன்முதலாகக் களத்தில் இறங்கியபோது அவரும் அதில் இருந்தார்.

அந்தப் பாதை பூப்பாதையாக இருக்கவில்லை. 2020 ஜனவரி 12-ஆம் தேதி, அரேபியாவில், ஹீரோ அணியின் போர்ச்சுகீசிய வீரர் பாவ்லோ கொன்ஸால்வெஸ் விழுந்து உயிர் நீத்தார். அணி முழுவதும் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. மறு வருஷம் சந்தோஷ் விழுந்தார். தலையில் பலத்த அடி. மருத்துவர்கள் மருந்தினால் அவரை நினைவிழந்த நிலையிலேயே வைத்திருந்து சிகிச்சை செய்தார்கள். பிழைத்து ஊர் திரும்பினார். 2022-ல் ஒரு நாள் ஓட்டத்தில் ஹீரோ வண்டி முதலாவதாக வந்தது. டக்காரில் இந்தியக் கம்பெனி ஒன்று ஒரு நாள் ஓட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை. ஓட்டியவர் ஜோவாகிம் ரோட்ரிகஸ். இறந்துபோன கொன்ஸால்வெஸின் மைத்துனர்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இது நம்முடைய வெற்றிதானா? நாம் பொய்ப் பெருமை பேச விரும்பவில்லை. ஜெர்மானியரிடம் கற்றுக்கொண்டது உண்மை. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியார் பிரெஞ்சுக் கம்பெனியான ஷெர்கோவோடு சேர்ந்து அணி நடத்தியதும் உண்மை. அந்த அணியில்தான் 2024-ல் கேரளத்து ஹரித் நோவா மொத்தத்தில் 11-ஆவதாக வந்து, 'ராலி 2' என்ற பிரிவில் முதல் பரிசும் பெற்றார். ஆனால் செக்குகளின் வண்டியைப் பெல்ஜியரும் ஜெர்மானியரும் ஓட்டித்தானே பட்டம் வாங்கினார்கள்? அதை உலகம் செக்குகளின் வெற்றியென்றே எழுதியது. ரெட்டிச்சின் புல்லட் திருவொற்றியூரில் நம்முடையதாயிற்று. யந்திரம் யாருடைய கையில் தொடர்ந்து பிறக்கிறதோ அவர்களுடையது. ஓட்டும் தைரியமோ எந்தத் தேசத்தின் தனிச் சொத்தும் அல்ல. பெண்களுக்கும் அது உண்டு என்பதை, 2019-ல் 'பாஹா' ஓட்டங்களுக்கான உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்று வந்த பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸே காட்டியிருக்கிறார்.

நமக்கு உள்ள குறை வேறு. உலகத்திலேயே மிக அதிகமான இருசக்கர மோட்டார் வண்டிகள் விற்பனையாகும் தேசங்களில் முன்னணியில் நிற்பது நம் தேசம். ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு வண்டி கிடைக்கிறது. அதை முறுக்கிப் பார்க்க இடம் கிடைக்கவில்லை. நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் முறுக்குகிறான். மறுநாள் பத்திரிகையில் பெயர் வருகிறது. அது தாயார் படிக்கக்கூடிய செய்தியாக இருப்பதில்லை. மாவட்டத்துக்கு ஒரு பொட்டலை வளைத்து, மண் மேடு கட்டி, தலைக் கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் உள்ளே விடுவதில்லை என்று விதி செய்து, ஓரத்தில் ஒரு மருத்துவரையும் நிறுத்திவைக்க எத்தனை பணம் ஆகிவிடும்? விமானத் தளமோ பெரிய ஸ்டேடியமோ நாம் கேட்கவில்லை. மண்ணைத்தான் கேட்கிறோம்.

கோயமுத்தூர்ப் பக்கம் இப்படிப்பட்ட திடல்களில் பந்தயம் நடக்கும் நாட்களில் போய்ப் பாருங்கள். ஓட்டம் முடிந்து வருகிற பையனுக்குக் கண் இரண்டும் பல் வரிசையும் தவிர மற்றதெல்லாம் செம்மண். தகப்பனார் ஒரு கையில் குடத்துத் தண்ணீரும் மறு கையில் ஸ்பானரும் வைத்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் பையனுக்கா, வண்டிக்கா என்று தீர்மானிப்பதற்குள் ஒலிபெருக்கியில் அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டுவிடுகிறார்கள்.