மாதவிலக்கு நிற்கப் போகும் காலமும் மனக்கலக்கமும்



பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, ஊரைக் கூட்டிச் சொல்லுகிறோம். அதே பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கப் போகும் காலம் வரும்போது வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாததனாலேயே பல குடும்பங்களில் அந்த நாலைந்து வருஷமும் சண்டையும் அழுகையுமாகக் கழிகின்றன. ஆகவே இந்தப் பிரசுரத்தைக் கணவன் மனைவி இருவரும் படியுங்கள். ஒருவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் படித்துச் சொல்லுங்கள்.

நாற்பது, நாற்பத்தைந்து வயதுவரை நிதானமாகக் குடும்பம் நடத்திய பெண் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறாள். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மருமகளிடம் சத்தம் போடுகிறாள். அரைமணி கழித்துக் கொல்லையில் தனியாக நின்று அழுகிறாள். மகன் வருகிற பஸ் பத்து நிமிஷம் தாமதமானால், என்னமோ ஆகிவிட்டது என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். “எனக்கு என்னவோ பண்ணுதுங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குது” என்கிறாள். கணவரோ, “ஒனக்கு என்ன கொறை வச்சேன் புள்ள?” என்கிறார். பக்கத்து வீட்டில் காத்துக்கருப்பு என்பார்கள். தாயத்துக்கும் கோழிக்கும் பணம் செலவாகும். இது காத்துமில்லை, கருப்புமில்லை. குணக்கேடும் இல்லை.

உடம்பில் நடப்பது என்ன?

கர்ப்பப்பையின் இருபக்கமும் சினைப்பைகள் இரண்டு உள்ளன. மாதாமாதம் முட்டையை வெளிவிடுவதும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைச் சுரப்பதும் இவைதான். நாற்பதுகளில் இந்தச் சுரப்பு குறையத் தொடங்குகிறது. கோடைக் கிணறு போல நாளுக்கு நாள் சீராக வற்றினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் அப்படிக் குறைவதில்லை. வோல்டேஜ் நிலையில்லாத கரண்டு போல ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். இந்த ஹார்மோன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்வதல்ல. மூளையில் மனநிலை, தூக்கம், உடம்புச் சூடு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளிலும் இதற்குப் பங்குண்டு. அதனால்தான் மாதவிலக்கு முன்பின்னாக வரும் அதே சமயத்தில் மனமும் முன்பின்னாகப் போகிறது.

திடீரென்று முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல் காந்தும், வியர்த்துக் கொட்டும், சில நிமிஷத்தில் அடங்கிவிடும். இது இரவிலும் வரும். புடவை நனைந்து இரண்டு மணிக்கு விழிப்பவளுக்கு மறுபடி தூக்கம் பிடிப்பதில்லை. விடிந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சோறாக்கி, வேலைக்கும் போகவேண்டும். முறைக்கரண்டு இருந்த நாட்களில் நடுராத்திரி எழுந்து மோட்டார் போடப் போன விவசாயிகளுக்குத் தெரியும், மறுநாள் எப்படி இருந்தது என்று. அது மாதக்கணக்கில் நடந்தால் எந்த மனிதருக்கும் பொறுமை இருக்காது. மனக்கலக்கத்தில் பாதி, கெட்டுப்போன தூக்கத்தால் வருவது என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றது என்று கணக்கு. அதற்கு முந்திய சில வருஷங்களில்தான் இந்தத் தொல்லைகள் அதிகம். எல்லாருக்கும் வருவதில்லை, ஒன்றுமே தெரியாமல் கடந்துபோகிறவர்களும் உண்டு. முன்பு பிரசவத்துக்குப் பிறகோ மாதவிலக்குக்கு முந்திய நாட்களிலோ மனச்சோர்வு அடைந்தவர்கள் சற்றுக் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடக் கூடாது. மகள் கல்யாணக் கடன், படுக்கையில் இருக்கும் மாமியார், வெளியூர் வேலைக்குப் போன மகன் என்று எல்லாப் பாரமும் இந்த வயதில்தான் சேருகின்றன. கணவர் தினமும் குடித்துவிட்டு வருகிற வீட்டில் மனைவிக்குப் படபடப்பு என்றால், முதலில் எதை நிறுத்தவேண்டும் என்பது இருவருக்குமே தெரியும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனால் வந்ததா?

“அந்த ஆபரேஷன் பண்ணினதிலிருந்துதான் இப்படி ஆயிட்டா” என்று கிராமங்களில் சொல்லுகிறார்கள். இது தவறு. அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே கட்டி வெட்டுகிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை. ஹார்மோன் வழக்கம்போல் சுரக்கும்.

இதைவிட ஆபத்தான பேச்சு வேறொன்று இருக்கிறது. “கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்” என்பதே அது. படபடப்பும் எரிச்சலும் கர்ப்பப்பையிலிருந்து வருவதில்லை. ஆகவே அதை எடுப்பதால் அவை போகப்போவதும் இல்லை. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல வருஷத்தில் மெதுவாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். காந்தலும் தூக்கக்கேடும் மனக்கலக்கமும் முன்னைவிட அதிகமாகலாம், எலும்பும் சீக்கிரம் தேயும். தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. விஷயம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய், பெரிய கட்டி, மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கு ஆகியவற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். அப்போதும் தயங்காமல் கேளுங்கள்: எதற்காக எடுக்கவேண்டும்? மருந்தில் தீராதா? சினைப்பையையும் எடுக்கப் போகிறீர்களா? நிலத்தையோ நகையையோ அடகு வைக்குமுன் அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரின் யோசனையையும் கேட்டுவிடுங்கள்.

கணவர்மார்களுக்கு

சண்டை நடக்கும்போது காரணம் கேட்காதீர்கள். கோபம் தணிந்த பிறகு, திண்ணையிலோ களத்திலோ இருவரும் தனியாக இருக்கும்போது, “ராத்திரி தூங்குறியா? உடம்பு காந்துதா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றுக்கே பல பெண்கள் மனம்விட்டு அழுது, பிறகு தெளிந்து பேசுவதைப் பார்த்திருக்கிறேன். “பைத்தியமா புடிச்சிருக்கு?” என்ற சொல் வேண்டாம். பிள்ளைகள், மருமகள் முன்னிலையில் கேலியும் வேண்டாம். தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடைக்குப் போவது, விடிகாலையில் மாட்டைக் கவனிப்பது என்று ஒரு வேலையையாவது நீங்கள் எடுத்துக்கொண்டால், அவள் கூட ஒரு மணி நேரம் தூங்கலாம். படுக்கும் இடத்தில் காற்று வரட்டும். மின்விசிறி அவள் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

தாம்பத்திய விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன். இக்காலத்தில் பிறப்புறுப்பு உலர்ந்துபோவதால் உறவின்போது எரிச்சலும் வலியும் ஏற்படும். மனைவி விலகிப் படுப்பது வெறுப்பினால் அல்ல. இதை வைத்துச் சந்தேகப்படுகிற கணவர்களும் இருக்கிறார்கள். அதனால் கெட்டுப்போன குடும்பங்களும் உண்டு. வற்புறுத்தாதீர்கள். வலியைக் குறைக்கப் பூச்சு மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்கலாம்.

மாதவிலக்கு தள்ளித்தள்ளி வருவதால் இனிக் கர்ப்பம் தரிக்காது என்று நம்பிவிடாதீர்கள். முட்டை எந்த மாதமும் வெளிவரலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள், 50 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றால் மேலும் 2 வருஷமும், 50-க்குப் பிறகு நின்றால் 1 வருஷமும் ஆணுறையோ காப்பர்-டியோ தொடரவேண்டும். பேரன் பேத்தி எடுத்த வயதில் நாள் தள்ளிப்போய், வெளியே சொல்லவும் முடியாமல் தவிக்கிற மனக்கவலை வேறெதிலும் கிடையாது.

தாய்மார்களுக்கு

“இதையெல்லாம் அவருகிட்ட எப்படிச் சொல்றது” என்று அடக்கி வைக்காதீர்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. படபடப்பு வரும்போது உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விடுங்கள். ஐந்து நிமிஷத்தில் நெஞ்சடிப்பு தணியும். களை எடுக்கிறோமே, அது போதாதா என்பீர்கள். குனிந்தே செய்கிற வேலை வேறு, கையை வீசி மனம்போல் நடப்பது வேறு. சாயங்காலம் அரைமணி நடந்தால் இரவில் தூக்கம் பிடிக்கும். கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் பேசவும் நேரம் கிடைக்கும். மாலைக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், மோர் ஆகியவை எலும்புக்கு நல்லவை.

எப்போது டாக்டரிடம் போவது?

இரத்தசோகை, தைராய்டு கோளாறு, சர்க்கரை நோய் ஆகியவையும் இதே போலப் படபடப்பும் சோர்வும் உண்டாக்கும். அதிக உதிரப்போக்கு உள்ளவருக்கு இரத்தசோகை எளிதில் வரும். ஆகவே வயதுதான் காரணம் என்று நாமாக முடிவு கட்டாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம், சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். 12 மாதம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே காட்டவேண்டும். நெஞ்சை அழுத்துகிற வலி வந்தால் 108.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு தூக்கமில்லாமல், ஓயாத பயமாக இருந்தால் அது மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம். இதற்கு ஆலோசனையும் மாத்திரையும் உண்டு, குணமாகும். காந்தல் கடுமையாக உள்ள சிலருக்கு ஹார்மோன் சிகிச்சையும் தருவதுண்டு. அது எல்லாருக்கும் ஒத்துவராது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்குழாயில் கட்டி உறைந்தவர்கள் போன்றோருக்குக் கொடுப்பதில்லை. ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். தூக்க மாத்திரையும் அப்படித்தான்.

“செத்துப் போயிடலாம்னு தோணுது” என்று மனைவி சொன்னால் அதை வெறும் பேச்சு என்று விடாதீர்கள். தனியாக இருக்கவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் 104-லும் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

சுகாதார நிலையத்துக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வருவது நல்லது. வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் தூரமான நாளுக்கு ஒரு வட்டம், தூங்காத இரவுக்கு ஒரு கோடு, மனம் சரியில்லாத நாளுக்கு ஒரு புள்ளி என்று இரண்டு மூன்று மாதம் குறித்து வாருங்கள். அந்தத் தாள்களைக் கையோடு கொண்டு வாருங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அவற்றை நீட்டினால் போதும். கேட்க வேண்டியதை அவரே கேட்டுக்கொள்வார்.