ஊவாவின் கோப்பியைச் சுமந்த படகுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹப்புத்தளை மலையில் பறித்துக் காயவைத்த கோப்பி, கொழும்புத் துறைமுகம் போய்ச் சேர்வது லேசான காரியம் அல்ல. தோட்டத்திலிருந்து வண்டிப் பாதை வரை தொழிலாளியின் தலைச்சுமை. பிறகு இரட்டை மாட்டு வண்டி. ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை என்று மலை இறங்கி இரத்தினபுரியை அடைந்த மூட்டைகளில் ஒரு பகுதி அங்கே படகேறியது. களுகங்கையின் ஓட்டத்தோடு களுத்துறைக்கு இறங்கி, கரையோர நீர்வழிகளால் கொழும்புக்குப் போனது.

ஊவா என்றால் இன்று எல்லோருக்கும் ரயில்தான் நினைவுக்கு வருகிறது. தெமோதரைச் சுற்றுப்பாதையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் படம் பிடிக்காமல் எவரும் திரும்புவதில்லை. ஆனால் ரயில் பதுளைக்கு வந்ததே 1924இல்தான். ரயில் மலையேறி வருமுன் இந்த மலைகளின் உழைப்பைச் சுமந்தவை மாடும் படகும். அந்தப் படகு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று பண்டாரவளையில் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டால், தண்ணீரில் மிதக்கும் ஒன்றை நம்மால் காட்ட முடியாது. ஏன் முடியாது என்பதை யோசிக்க வேண்டிய நேரம் இது. அதே கதி இன்னும் எஞ்சியிருக்கும் வேறு பல பொருள்களுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

தட்டையடியும் ஓலைக்கூரையும்

சிங்களத்தில் 'பாருவ' என்று வழங்கிய இந்தப் படகு கடலுக்குப் போகும் கலம் அல்ல. அடிப்பாகம் தட்டை. ஆழமில்லாத ஆற்றிலும் கால்வாயிலும் மணல் தட்டாமல் போவதற்காக அப்படிக் கட்டினார்கள். மேலே தென்னங்கிடுகால் வேய்ந்த வளைந்த கூரை. கோப்பியில் ஈரம் பட்டால் விலை போய்விடும். ஆகவே கூரை முதலில் சரக்குக்கு, அப்புறம்தான் மனிதருக்கு. அதன் கீழேயே படகோட்டிகள் சமைத்தார்கள், உறங்கினார்கள். நீண்ட கோலை ஆற்றடியில் ஊன்றித் தள்ளித்தான் படகு நகர்ந்தது. ஆற்றோடு இறங்கும்போது நீரோட்டம் துணை. திரும்பி ஏறும்போது முழுப் பாரமும் படகோட்டியின் தோளில்.

இலங்கையின் மேற்குக் கரை முழுக்க இந்தப் படகுகளுக்கு வேலை இருந்தது. கொழும்பையும் நீர்கொழும்பையும் புத்தளத்தையும் ஒல்லாந்தர் கால்வாய்களால் இணைத்தார்கள். ஆங்கிலேயர் வந்த பிறகு 1802க்கும் 1804க்கும் இடையில், களனி கங்கைப் பக்கமிருந்து நீர்கொழும்பை நோக்கி ஹமில்டன் கால்வாயை வெட்டினார்கள். பதினான்கு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளம். கால்வாய் இன்றும் இருக்கிறது. வத்தளைப் பக்கம் போகிறவர்கள் அதன் கரையில் நடக்கலாம். சரக்குப் படகுகள்தான் இல்லை.

அவற்றை ஒழித்தது ஒரு நாள் நிகழ்ச்சி அல்ல. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. 1869இல் ஊவாவின் மடுல்சீமையில்தான் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் கண்ணில் பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. 1893இல் ரயில் ஹப்புத்தளையை எட்டியதும் ஊவாவின் சரக்குக்கு இரத்தினபுரிப் படித்துறை தேவைப்படவில்லை. 1912இல் இரத்தினபுரிக்கும் குறுகிய பாதை ரயில் வந்தது. மிச்சமிருந்த கால்வாய்ச் சரக்கை லொறி எடுத்துக்கொண்டது.

இதில் எவரையும் குறை சொல்ல முடியாது. வேலை போனால் படகுக்காரர் வேறு பிழைப்புத் தேடுவார். படகு கரையில் ஏறும். வெயில் பட்டுப் பலகை காயும், மூட்டு விரியும், கறையான் ஏறும். மரப்படகுக்கு ஓய்வுதான் எமன்.

சட்டத்தின் எல்லைக்கோடு

அரசு ஏன் காக்கவில்லை என்று கேட்கலாம். இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டுக்குரியது. அது 'தொல்பொருள்' என்பதற்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முற்பட்டதாக நம்பத்தக்க பொருளே அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

இதன் பொருளை மலையகத்தவர் நின்று கவனிக்க வேண்டும். பெருந்தோட்டக் காலம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் விழுகிறது. கோப்பி, தேயிலை, கங்காணி, லயம், பெரட்டு, ஸ்டோர் ஆகிய எல்லாமே 1815க்குப் பிந்தியவை. பிற்காலக் கட்டடங்களைத் தனி அறிவிப்பின் மூலம் பாதுகாக்க வழி உண்டு. ஆனால் ஒரு படகோ வண்டியோ தேயிலை உருட்டும் இயந்திரமோ நிலத்தில் ஊன்றி நிற்கும் கட்டடம் அல்ல. அதை விற்கலாம், உடைக்கலாம், இரும்பு விலைக்கு எடைபோடலாம்.

ஹாலிஎலவுக்கு அருகே போகொட மரப்பாலம் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. மரம் நிலைக்காது என்று எவரும் சொல்ல முடியாது. அதை நம்முடையது என்று ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கிக் காத்தவர்கள்

இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளுக்கும் பாருவப் படகுகளின் முடிவே நெருங்கியது. ஏறத்தாழ 70 அடி நீளம், 7 அடி அகலம் கொண்ட ஒடுக்கமான படகுகள் அவை. நிலக்கரியும் தானியமும் ஏற்றின. பின்பக்கம் பத்தடிக்கும் குறைந்த ஓர் அறை. அதில் அடுப்பு, மடக்குக் கட்டில், தாய், தகப்பன், பிள்ளைகள். படகு ஓடிக்கொண்டே இருந்ததால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாக்கனி. தோட்ட லயத்தின் ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

1944இல் எல். டி. சி. ரோல்ட் என்பவர் 'கிரெஸ்ஸி' என்ற பழைய படகில் தாம் வாழ்ந்து பயணித்ததைப் புத்தகமாக எழுதினார். அதைப் படித்துக் கிளர்ந்தவர்களோடு சேர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தை உருவாக்கினார். மூடப்படவிருந்த கால்வாய்களுக்காக அது போராடியது. 1962–63 பனிக்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்தபோது எஞ்சியிருந்த சரக்குத் தொழிலும் ஒடிந்தது. படகுகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. அப்போது அவற்றை வாங்கியவர்களில் பலர் பணக்காரர்கள் அல்லர். மாதச் சம்பளக்காரர்கள், கைவினைஞர்கள். 1966இல் பழம்படகு உரிமையாளர்கள் தமக்கென்று ஒரு கழகமும் கண்டார்கள்.

அவர்கள் செய்த வேலையைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் அருமை தெரியும். மரப்படகின் பக்கப் பலகை ஓக், அடிப்பலகை எல்ம். எல்ம் மரம் எப்போதும் நனைந்திருந்தால் நீண்டகாலம் நிற்கும். நனைந்து காய்ந்து மாறி மாறி வந்தால் உளுத்துவிடும். ஆகவே உடனே பழுதுபார்க்கப் பணமில்லாத படகை வேண்டுமென்றே தண்ணீரில் மூழ்கடித்து வைப்பதும் உண்டு. பணம் சேர்ந்ததும் இறைத்து மிதக்கவிடுவார்கள். பலகை ஒவ்வொன்றாக மாறும். அளவும் வளைவும் மாறாது. இந்த அறிவு புத்தகத்தில் வந்ததல்ல. பழைய படகுத்தச்சர்களின் பக்கத்தில் நின்று கற்றது.

1909இல் கட்டப்பட்ட 'பிரெசிடென்ட்' என்ற நீராவிப் படகு இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. அதன் உரிமை ஒரு நூதனசாலையிடம். ஓட்டிப் பராமரிப்பது தொண்டர் குழு. வேறு சில பழம்படகுகள் இன்றும் நிலக்கரியும் டீசலும் ஏற்றிப் போய்க் கால்வாயில் குடியிருப்பவர்களுக்கு விற்கின்றன. பார்வைப் பொருளாக நிறுத்தி வைப்பதைவிட வேலையில் வைத்திருப்பதே மேல் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட முடிவு.

நமக்கு அருகில் கேரளத்தில் கெட்டுவள்ளம் இருக்கிறது. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த நெல் படகு. சாலைகள் வந்ததும் அதுவும் கைவிடப்பட்டது. 1990களில் அதைத் தங்கும் படகாக மாற்றியபோது கயிற்றால் தைக்கும் கைத்தொழில் மறுபடி உயிர்பெற்றது. ஆனால் சுற்றுலாக் காசு பெருகியதும் புதிய படகுகள் வேம்பநாட்டு ஏரியை நெருக்கி, நீரையும் கெடுத்தன. தனியார் கையில் விட்டால் மட்டும் போதாது, கட்டுப்பாடும் வேண்டும் என்பதற்கு அது பாடம்.

உறுதி இல்லாதவர் எதைக் காப்பது?

சொந்தக்காரரே பழம்பொருளை வேலையில் வைத்துக் காக்கும் இந்த வழி ஊவாவில் நடக்குமா? ஓரளவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. மலையகத் தோட்டப் பாதைகளில் பழைய லேண்ட்ரோவர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பின்னால் எதிரெதிரே இரண்டு பலகை, மேலே தார்ப்பாய். சந்தை நாளில் மரக்கறி மூட்டையும் ஆளும் ஒன்றாக ஏறுவார்கள். நூதனசாலை எதுவும் அவற்றைக் காக்கவில்லை. சொந்தக்காரரும் சந்தியிலுள்ள கராஜ்காரரும் காக்கிறார்கள். ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பல தலைமுறை கண்ட உருட்டு இயந்திரங்கள் கொழுந்து அரைக்கின்றன. பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் என்பவர் தொடங்கிய ஆலையின் 'சிரோக்கோ' என்ற பெயர் பழைய ஸ்டோர்க்காரர்களுக்கு அந்நியமல்ல.

ஆனால் ஒரு ஸ்டோர் மூடப்படும் அன்று இவையெல்லாம் பழைய இரும்பு. அந்த இயந்திரத்தோடு முப்பது வருடம் நின்றவருக்கு அதை வாங்கும் வசதியும் இல்லை, வாங்கினால் வைக்க இடமும் இல்லை. இங்கேதான் நம் கதை இங்கிலாந்தின் கதையிலிருந்து பிரிகிறது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கை மாறிய ஒவ்வொரு முறையும் தொழிலாளி குடியிருந்த அறைக்கு உறுதி இருக்கவில்லை. சொந்தக் காணி இல்லாதவர் பழம்பொருளை எங்கே நிறுத்துவார்? மலையக மக்களுக்கு வரலாற்று அக்கறை இல்லை என்று பேசுகிறவர்கள் இதை முதலில் யோசிக்கட்டும். காணியுரிமைக் கோரிக்கைக்குள் நினைவுகளைக் காக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகாக் தோட்டத்தில் பழைய லயன் அறைகளையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். அரசு முன்வரும் வரை காத்திராமல் ஒரு மக்கள் அமைப்பு செய்த வேலை அது. ஊவாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதோடு பொருள்களை ஓடும் நிலையில் வைத்திருக்கும் தனி மனிதர்களுக்கும் கைகொடுக்க வேண்டும்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. முதலாவது, ஒரு பதிவேடு. எந்தத் தோட்டத்தில் எந்த இயந்திரம், எந்த வண்டி, எந்தத் தராசு இருக்கிறது, யார் வசம், ஓடுகிறதா என்ற பட்டியல். பதுளையிலேயே இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்கள் இதைத் தொடங்கலாம். இரண்டாவது, ஸ்டோர் ஒன்று மூடும்போது பொருள்களைப் பழைய இரும்புக்குத் தள்ளுமுன் பகிரங்கமாக அறிவித்து, காக்க விரும்புகிறவருக்கு முதல் வாய்ப்பு. மூன்றாவது, பழுதுபார்க்கத் தெரிந்தவரோடு இளைஞர் ஒருவரைப் பயிற்சிக்குச் சேர்ப்பது. கருவியைக் காத்துக் கைவேலையை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் இரும்புதான். நான்காவது, ஹமில்டன் கால்வாயில் பழைய அளவில் ஒரு பாருவப் படகாவது கட்டி மிதக்கவிடுவது. நம் நாட்டுப் பாரம்பரியக் கலங்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல், சோமசிறி தேவேந்திர போன்றவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தச்சருக்கு வழிகாட்ட அவை உதவும்.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் கொழுந்துக் கூடையோ தகரம் அடித்த தேயிலைப் பெட்டியோ தாத்தா வண்டி ஓட்டிய காலத்துப் படமோ இருந்தால் வீசிவிடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு காகிதத்தில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். படகு விஷயத்தில் அந்த ஒரு வரியைக்கூட எழுதி வைக்க நம்மிடம் ஆள் இருக்கவில்லை. இனிமேல் இருக்க வேண்டும்.