ஜன்னலோர மேஜைக்கு என்ன விலை?

கைப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மெனு கார்டைப் புரட்டுகிறார் ஒரு பெண்மணி. சூப் வருகிறது. குடித்துவிட்டு நிமிர்ந்தால் பையைக் காணோம். யாரும் திருடவில்லை. விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேஜை, நாற்காலியோடு அவரையும் சுமந்துகொண்டு தரை நகர்ந்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் உச்சியில் இயங்கிய சுழலும் உணவகத்தில் இது சகஜமான கலவரம். ஒரு சுற்று முடிவதற்குள் பையிடம் அதன் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்துவிடுவார். சிறுவர்கள் துண்டுச் சீட்டில் ஏதாவது எழுதி விளிம்பில் வைத்துவிட்டு, அடுத்த மேஜைக்காரர்கள் என்ன பதில் எழுதுகிறார்கள் என்று காத்திருப்பதும் உண்டு.

1962ல் உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட கோபுரம் அது. சாப்பாட்டுத் தரையைச் சுழற்ற அப்போது பயன்பட்டது ஒரே ஒரு குதிரைத் திறன் மோட்டார். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சக்திதான். சக்கரங்களின் மீது கச்சிதமாகச் சமன் செய்யப்பட்ட வளையம் என்பதால் அதுவே போதும். இம்மாதிரி உணவகங்களில் சுற்றுவது ஜன்னலை ஒட்டிய வட்டத் தரை மட்டுமே. நடுவிலுள்ள லிஃப்ட் அசைவதில்லை. தட்டோடு வரும் பரிமாறுபவர், தன் மேஜை எந்தத் திசைக்குப் போயிற்று என்று தேட வேண்டும். 2017ல் சியாட்டில் உணவகம் மூடப்பட்டது. மறு ஆண்டு சுழலும் தரையையே கண்ணாடியாக மாற்றிவிட்டார்கள். இப்போது காலுக்கடியிலும் ஊர் தெரிகிறது.

வெளிநாடு போகும் இந்தியர்கள் பலர் ஒருமுறையாவது இப்படியொரு இடத்தில் சாப்பிட ஆசைப்படுகிறார்கள். பில்லில் எழுதியிருப்பது சூப், ரொட்டி, காபி. உண்மையில் வாடகைக்கு எடுப்பது ஜன்னலை. துபாய்க்காரர்கள் இதை ஒளிப்பதில்லை. புர்ஜ் கலீஃபாவின் 122வது மாடியில், 442 மீட்டர் உயரத்தில், 2011ல் திறக்கப்பட்ட 'அட்மாஸ்ஃபியர்' உணவகத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்பது விதி. ஜன்னலோரம் என்றால் தொகை கூடும். ஒரு சின்ன சங்கடம்: அங்கிருந்து பார்த்தால் துபாயில் தெரியாத ஒரே கட்டடம் புர்ஜ் கலீஃபா. ஈஃபில் கோபுரத்தை வெறுத்த எழுத்தாளர் மாப்பசான், பாரிசில் அது கண்ணில் படாத ஒரே இடம் என்பதால் அதன் உணவகத்திலேயே போய்ச் சாப்பிட்டார் என்று ஒரு கதை உண்டு. துபாயில் கோபுரத்தைப் பார்க்க ஆசையா? கீழே நீரூற்றுக்கு எதிரே ஒரு டீ குடித்தால் போதும்.

ஜன்னலுக்குப் பணம் மட்டுமே விலை என்றும் சொல்ல முடியாது. கிழக்கு பெர்லினில் தொலைக்காட்சி கோபுரம் 1969 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, 207 மீட்டர் உயரத்தில் அதன் சுழலும் கஃபேயும் திறக்கப்பட்டது. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். மேஜையும் ஒரு மணி நேரத்துக்குத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் பாதிச் சுற்று, தங்கள் ஊர். மீதிச் சுற்றில் சுவருக்கு அப்பால் மேற்கு பெர்லின் வரும். 1961ல் சுவர் எழுந்த பிறகு சாதாரணக் குடிமகன் காலெடுத்து வைக்க முடியாத தெருக்கள், காபிக் கோப்பைக்கு நேரே மெதுவாக ஊர்ந்து போயின. அத்தையோ, பள்ளித் தோழனோ வசிக்கும் வீட்டுக் கூரையைத் தேடியவர்கள் எத்தனை பேரோ. சோஷலிசத்தின் வல்லமையைக் காட்டத்தான் அரசாங்கம் அதைக் கட்டியது. ஆனால் வெயில் பட்டால் கோபுரத்தின் எஃகு உருண்டை மீது சிலுவை வடிவில் ஒளி விழுந்தது. 'போப்பின் பழிவாங்கல்' என்று பெர்லின்வாசிகள் சிரித்தார்கள். 1989 நவம்பரில் சுவர் திறந்தது. அன்று முதல் முழுச் சுற்றும் ஒரே ஊர்.

லண்டனின் தபால் நிலையக் கோபுரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1966ல் சுழலத் தொடங்கிய உணவகத்துக்கு 1971ல் ஒரு வெடிகுண்டு, உயிர்ச்சேதம் இல்லை. 1980ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

சுழலும் உணவகங்களில் ஒன்றைத்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் என் ஓட்டு சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்னுக்கு. 2,970 மீட்டர் உயரம், கேபிள் காரில் பயணம், சுற்றி முடிக்க முக்கால் மணி நேரம். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் வரிசையாக வந்து போகும். 'ஆன் ஹர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தை எடுக்க 1968ல் படப்பிடிப்புக் குழு வந்தபோது கட்டடம் அரைகுறையாக இருந்தது. உள் அலங்காரத்துக்கு அவர்களே செலவு செய்து முடித்துக் கொடுத்தார்கள். படத்தில் வில்லனின் கோட்டைக்கு வைத்த 'பிஸ் குளோரியா' என்ற பெயரே உணவகத்துக்கும் நிலைத்தது. டிக்கெட் எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. மலை உச்சிகளில் பொருத்திய காமிராக்களின் காட்சியை அந்த ஊர் ஹோட்டல் அறை டிவியிலேயே காட்டுவார்கள். பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேகம் மூடினால் சுழல்வது வெறும் வெள்ளைத் திரை, கட்டணம் அதேதான். சைவர்கள் உருளைக்கிழங்கு ரோஷ்டி கேட்கலாம், பன்றி இறைச்சி சேர்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு.

பக்கத்து யுங்ஃப்ராவ்யோக்கில் அந்தச் சங்கடம்கூட வைக்கவில்லை. 1912ல் ரயில் எட்டிய, 3,454 மீட்டர் உயரமுள்ள அந்த நிலையத்தில் இந்தியக் கூட்டத்தைக் கணக்கிட்டு 'பாலிவுட்' என்ற பெயரிலேயே உணவகம் நடத்தினார்கள். வெளியே ஆல்ப்ஸ் மலையின் மிக நீளமான பனியாறு அலெட்ஷ். வெப்பம் கூடக் கூட ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது. கோஷ்டிச் சுற்றுலாவில் போகிறவர்கள் பருப்பும் சோறும் தேடுவதில் தவறில்லை. பனியாற்றைப் பார்த்த பிறகு தேடினால் நல்லது.

நியூயார்க்கின் 'விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட்' பற்றிப் பேசாமல் இந்தப் பட்டியல் முடியாது. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 106, 107வது மாடிகளில் 1976ல் திறக்கப்பட்டது. 1993 குண்டுவெடிப்பில் மூடி, 1996ல் மீண்டும் திறந்தது. 2000ல் அமெரிக்காவிலேயே அதிக விற்பனை கண்ட உணவகம் அது. கோப்பை கழுவியவர்களும் காய் நறுக்கியவர்களும் தட்டு ஏந்தியவர்களும் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2001 செப்டம்பர் 11, காலைச் சிற்றுண்டி நேரம். விமானம் 93 முதல் 99வது மாடி வரை புகுந்ததில் படிக்கட்டுகள் எல்லாம் அறுந்தன. அதற்கு மேலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஊழியர்களில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்டோர். அன்று வேலை நேரம் இல்லாததால் தப்பியவர்களில் சிலர் 2006ல் மன்ஹாட்டனில் கூட்டுறவு முறையில் 'கலர்ஸ்' என்ற உணவகம் தொடங்கினார்கள். அது சில ஆண்டுகள் நடந்து நின்றுபோனது. கோபுரம் இருந்த இடத்தில் இன்று நீர்த்தடாகம். சுற்றிலும் உள்ள வெண்கலத் தகடுகளில் அந்த ஊழியர்களின் பெயர்கள் இருக்கின்றன. நியூயார்க் போகிறவர்கள் அங்கே சற்று நேரம் நிற்கலாம்.

உயரம் பயம் என்பவர்களுக்குக் கடலடியும் இருக்கிறது. மாலத்தீவின் ரங்காலி தீவில் 2005ல் திறக்கப்பட்ட 'இதா', கடல் மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே இருக்கிறது. பெயருக்கு முத்துச்சிப்பியின் உட்புற மினுக்கம் என்று பொருள். சிங்கப்பூரில் செய்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய அக்ரிலிக் குகை. ஒரு சமயத்தில் 14 பேர்தான் உட்கார முடியும். இங்கே வேடிக்கை பார்ப்பவை மீன்கள். தலைக்கு மேல் ஒரு திருக்கை நின்று உற்றுப் பார்க்கும்போது தட்டிலுள்ள மீனைத் தின்பது கொஞ்சம் கூச்சமான காரியம்தான்.

இத்தனை கண்ணாடியும் வேண்டாம் என்றால் பிலிப்பைன்ஸ். மணிலாவுக்குத் தெற்கே வில்லா எஸ்குடெரோ என்ற தென்னந்தோப்பில், மின்சாரம் எடுக்கக் கட்டிய சிறு அணை வழிந்து அருவியாக விழுகிறது. அதன் அடிவாரத்திலேயே மூங்கில் மேஜைகள். கணுக்காலை நனைத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, மதியச் சாப்பாடு. கையால்தான் சாப்பிட வேண்டும். அந்த ஊரில் இதற்கு 'கமாயன்' என்று தனிப்பெயரே உண்டு. முள்கரண்டியோடு போராடிக் களைத்த நம்மவர்களுக்கு இது ஆறுதல். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். செருப்பை மட்டும் கரையில் விட்டுவிடுவது நல்லது. இங்கே போவது சுற்றி வராது.