இந்திய ஓநாயின் இரவு வேட்டை

இந்திய ஓநாய் என்பது சாம்பல் நிற ஓநாயின் துணையினம் ஆகும். இதன் அறிவியல் பெயர் கேனிஸ் லூபஸ் பாலிப்ஸ். காட்டைவிட வெட்டவெளியே இதற்கு ஏற்ற வாழிடம். மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் மானாவாரி நிலங்களை ஒட்டியும் இது வாழ்கிறது. நாட்டில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 வரை எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. தமிழ்ப் பேச்சு வழக்கில் செந்நாயையும் ஓநாய் என்று சொல்வதுண்டு. உண்மையில் அது வேறு பேரினம்.

தக்காணத்தில் வெளிமான்கள் குறைந்துவிட்ட இடங்களில் ஆடுகளே ஓநாயின் முக்கிய இரை. பகலில் ஆள் நடமாட்டம் மிகுதி என்பதால் புதரிலோ கரும்புத் தோட்டத்திலோ படுத்திருக்கும். இருட்டியபின் ஊர் ஓரங்களுக்கு வரும். மங்கிய ஒளியிலும் பார்க்க உதவும் கண்ணமைப்பும் கூரிய மோப்பமும் இதற்கு உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்றாகவே வேட்டையாடும். ஒன்று காவல் நாயைத் தன் பக்கம் இழுக்க, மற்றொன்று மறுபக்கம் வந்து குட்டியைக் கவ்விச் செல்லும் என்று ஆட்டுக்காரர்கள் கூறுவர்.

மகாராஷ்டிரத்தின் தங்கர் இன மேய்ப்பர்கள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகின்றனர். சுற்றிலும் வலை கட்டி, நாய்களைக் காவலுக்கு விட்டு, கிடையருகிலேயே உறங்குவர். ஆட்டை இழந்தவருக்கு வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. ஆனால், தூக்கிச் செல்லப்பட்ட குட்டியின் உடல் கிடைக்காவிட்டால் இழப்பை மெய்ப்பிப்பது கடினம். இறந்த ஆட்டில் நஞ்சு தடவி வைப்பதும் குகையை அடைத்துப் புகையிடுவதும் நடப்பதற்கு இந்த ஆற்றாமையும் ஒரு காரணம்.

ஓநாய் மனிதரைத் தாக்குவது அரிது. எனினும் நடந்ததே இல்லை என்று கூற முடியாது. 1996இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் தாக்கப்பட்டனர். 2024இல் அதே மாநிலத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் இரவில் உறங்கிய குழந்தைகள் பலர் தூக்கிச் செல்லப்பட்டு இறந்தனர். அங்கு கதவில்லாத வீடுகளும், புழுக்கத்தால் திறந்த வெளியில் உறங்கும் வழக்கமும் உண்டு. வனத்துறை வெப்பத்தை உணரும் டிரோன்களைப் பறக்கவிட்டு, கூண்டுகள் வைத்து ஓநாய்களைப் பிடித்தது. தாக்காத ஓநாய்களும் அப்போது சந்தேகத்துக்கு உள்ளாயின.

ஊரோர வாழ்வு ஓநாய்க்கும் கேடு தருகிறது. தெருநாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் தொற்றுகின்றன. புனே அருகே ஓநாயும் நாயும் கலந்து பிறந்தவை இருப்பதை மரபணுச் சோதனை உறுதிசெய்துள்ளது.