கரண்ட் சாப்பிடும் குட்டி யானை!

யானை என்ன சாப்பிடும்? கரும்பு, வாழை, தழை, தென்னை மட்டை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். டீசல் குடிக்கும் யானையைப் பார்த்திருக்கிறீர்களா? தினமும் பார்க்கிறீர்கள்! வீடு மாற்றும்போது பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு வருமே ஒரு சின்ன லாரி, அதுதான் நம் ஊர் 'குட்டி யானை'.

2005-ம் ஆண்டு டாடா நிறுவனம் 'ஏஸ்' என்ற சிறிய சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. 702 சிசி டீசல் என்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. உருவம் சின்னது, சுமப்பதோ நிறைய. அதனால் மக்களே அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது இந்தக் குட்டி யானை டீசலை விட்டுவிட்டுக் கரண்ட் சாப்பிடவும் பழகிக்கொண்டது. அது நல்ல சாப்பாடுதானா? வயிறு நிறையுமா? பார்த்துவிடலாம், வாருங்கள்!

சிந்தாதிரிப்பேட்டையின் பழைய கேள்வி

சென்னையில், கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓட, நடுவில் இருக்கிறது சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் நெசவாளர்களுக்காக உருவான ஊர் இது. சின்னத் தறிகள் இருந்த பேட்டை என்பதால் 'சின்னத் தறிப்பேட்டை'. அதுவே பின்னர் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள்.

'பாரத்தை எப்படிச் சுலபமாக இழுப்பது?' என்ற கேள்வி இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. 1836-ல் இங்குள்ள பாலத்தின் அருகே சோதனைக்காக ஒரு சிறிய ரயில் பாதை போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே, சாலை போடுவதற்குக் கல் ஏற்றிவர, செங்குன்றம் பகுதியில் ரயில் பாதை வந்தது. இந்தியாவின் முதல் ரயில் பாதை அதுதான். பம்பாயில் பயணிகள் ரயில் ஓடியது அதற்குப் பிறகு, 1853-ல்தான்!

இன்றும் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்கு விடியற்காலையில் போனால் அதே கேள்வியைப் பார்க்கலாம். ஐஸ் பெட்டிகளும் மீன் கூடைகளும் வந்து இறங்கும். மீன் கனம், அது கெடாமல் இருக்கப் போடும் ஐஸும் கனம். இந்தச் சுமையைத் தூக்க மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள், லோடு ஆட்டோக்கள், குட்டி யானைகள் என்று ஒரு பட்டாளமே வேலை செய்யும். மீன்பாடி வண்டியை முன்பு காலால் மிதித்தார்கள். பிறகு பழைய இருசக்கர வண்டியின் என்ஜினைப் பொருத்தி ஓட்டினார்கள். 'படபட' சத்தமும் புகையும் அதன் அடையாளம் ஆகிவிட்டன.

முதல் தள்ளல்தான் கஷ்டம்!

ஒரு சின்னச் சோதனை செய்யலாமா? ஒரு பொம்மை லாரியின் முன்பக்கம் ரப்பர் பேண்ட் ஒன்றைக் கட்டுங்கள். லாரியில் பத்து கூழாங்கற்களை ஏற்றுங்கள். ரப்பர் பேண்டைப் பிடித்து மெதுவாக இழுங்கள். லாரி அசைவதற்கு முன் ரப்பர் நன்றாக நீளும். லாரி ஓடத் தொடங்கியதும் நீட்டம் குறைந்துவிடும். ஸ்கேலை வைத்து இரண்டையும் அளந்து எழுதுங்கள்.

என்ன தெரிகிறது? நிற்கும் வண்டியை நகர்த்தத்தான் அதிக இழுவிசை வேண்டும். சைக்கிள் கேரியரில் நண்பனை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பும்போது எழுந்து நின்று மிதிக்கிறீர்களே, அதுவும் இதனால்தான்.

டீசல் என்ஜினுக்கு இங்கேதான் ஒரு சங்கடம். நின்றுகொண்டே அதனால் இழுக்க முடியாது. முதலில் அது ஓரளவு வேகமாகச் சுழல வேண்டும். பிறகுதான் பலம் வரும். அதனால்தான் டிரைவர் கிளட்ச்சை மிதித்து, முதல் கியரைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தி வண்டியை எடுக்கிறார்.

மின்மோட்டார் அப்படியல்ல. மின்சாரம் பாய்ந்த அந்த நொடியிலேயே முழு இழுவிசையையும் கொடுத்துவிடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் சரக்கு வண்டிக்கு இது பெரிய வசதி. கிளட்ச் மிதித்து மிதித்து டிரைவரின் கால் வலிப்பதும் மிச்சம்!

இன்னொரு லாபமும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்திலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி எடுத்துப் பாட்டரிக்குள் போட்டுவிடும். டீசல் வண்டியில் அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் சூடாகி வீணாகப் போகும்.

21 யூனிட் கணக்கு

2022 மே மாதம் மின்சார 'ஏஸ்' அறிமுகமானது. அதன் பாட்டரியில் 21.3 கிலோவாட் மணி மின்சாரம் பிடிக்கும். பயந்துவிடாதீர்கள்! உங்கள் வீட்டு மீட்டரில் ஒரு 'யூனிட்' என்கிறோமே, அதுதான் ஒரு கிலோவாட் மணி. ஆக, ஏறக்குறைய 21 யூனிட். ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால் சோதனை ஓட்டத்தில் 154 கி.மீ. ஓடும் என்றார்கள். சுமை, வெயில், நெரிசல் எல்லாம் சேரும்போது உண்மையான தூரம் குறையும்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பெரிய பாட்டரிக்குள் இருப்பது வெறும் 2 லிட்டர் டீசலின் ஆற்றல்தான்! பிறகு எப்படி அவ்வளவு தூரம் ஓடுகிறது? டீசல் என்ஜின் தான் எரிக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும். சில நேரம் அதையும் தராது. மிச்சமெல்லாம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். மின்மோட்டாரோ பெரும்பகுதியை அப்படியே வேலையாக மாற்றிவிடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்த 21 யூனிட் செய்யும் வேலைக்கு டீசல் என்ஜின் தோராயமாக 6 லிட்டர் கேட்கும்.

ஆனால், பாட்டரி கனமானது. 2005-ன் டீசல் ஏஸ் 750 கிலோ சுமந்தது. 2022-ல் வந்த மின்சார ஏஸ் 600 கிலோதான் சுமந்தது. பிறகு 2024-ல் ஒரு டன் சுமக்கும் மின்சார ஏஸும் வந்தது. நம் சென்னையிலேயே அசோக் லேலண்டின் 'ஸ்விட்ச்', முருகப்பா குழுமத்தின் 'மோன்ட்ரா' ஆகிய நிறுவனங்கள் மின்சாரச் சரக்கு வண்டிகளைக் கொண்டுவந்திருக்கின்றன.

தெரியுமா உங்களுக்கு?

சென்னை சாலைக்கு மின்மோட்டார் புதிதே அல்ல! 1895 மே 7-ம் தேதியே இங்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். 1953 வரை ஓடியது. டிராமுக்கு மின்சாரம் பாதை நெடுக வந்துகொண்டே இருந்ததால், அது பாட்டரியைச் சுமக்கத் தேவையில்லை. இன்றைய மின்சார வண்டியோ தன் சாப்பாட்டு மூட்டையைத் தானே சுமக்கிறது!

பின்னால் இழுத்தால் என்ன ஆகும்?

நம் ஊரில் சுமையை வண்டியின் மேல் ஏற்றுகிறோம். அமெரிக்காவில் 'பிக்-அப்' வண்டிக்குப் பின்னால் இன்னொரு இழுவை வண்டியை மாட்டி, படகு, குதிரை, ஏன், சக்கரம் வைத்த வீட்டையே இழுத்துப் போவார்கள். அதே வண்டியில்தான் மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள்.

ஃபோர்டு நிறுவனம் 2022-ல் 'எஃப்-150 லைட்னிங்' என்ற மின்சார பிக்-அப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய நாலரை டன்னை இழுக்கும் பலசாலி. ஆனால், பெரிய பெட்டி போன்ற இழுவை வண்டியை மாட்டி நெடுஞ்சாலையில் வேகமாகப் போனபோது, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தது. இழுக்கப் பலம் இருந்தது. பாட்டரிதான் சீக்கிரம் காலியானது.

காரணம் காற்று! ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது முகத்தில் காற்று அறைகிறதே, அதே காற்று வண்டியையும் பின்னுக்குத் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெரிய பெட்டியை இழுத்தால் எதிர்ப்பு இன்னும் கூடும். 2025 டிசம்பரில் லைட்னிங்கின் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. வண்டி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அடுத்து வரும் வண்டியில் பாட்டரியோடு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்கும் என்றது.

இரண்டு பேர் சேர்ந்தால்...

மீன்பாடி வண்டி பாலத்தில் ஏற முடியாமல் திணறும்போது, யாராவது பின்னாலிருந்து கைகொடுத்துத் தள்ளிவிடுவார்கள். ஏறி முடித்ததும் கையை எடுத்துவிடுவார்கள். 'ஹைபிரிட்' வண்டியும் அப்படித்தான். என்ஜின், மோட்டார் இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும். கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் மோட்டார் கைகொடுக்கும். நீண்ட தூரத்துக்கு என்ஜின். சில ஹைபிரிட்டுகளில் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டும்தான். என்ஜின் அதற்கு மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். 1900-லேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒரு வண்டியைச் செய்து காட்டிவிட்டார்!

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனி. லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போய்விட்டது. அப்போது சிலர் தங்கள் ஹைபிரிட் பிக்-அப்பிலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுத்துக்கொண்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாசலில் நிற்கும் வண்டியே விளக்கெரித்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

புகை எங்கே போனது?

மின்சார வண்டிக்குப் புகைக்குழாயே இல்லை. சந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்து மீன் விற்கும் அம்மாக்களுக்கு அது நிச்சயம் நல்லது. ஆனால், கரண்ட் எங்கிருந்து வருகிறது? வட சென்னை அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரித்து வந்தால், இங்கே குறைந்த புகை அங்கே எழும். அங்கேயும் உங்களைப் போன்ற பிள்ளைகள் வசிக்கிறார்கள். முப்பந்தல் காற்றாலையிலிருந்தும் கமுதி சூரிய மின்நிலையத்திலிருந்தும் வரும் மின்சாரம் பெருகப் பெருகத்தான் குட்டி யானையின் சாப்பாடு உண்மையில் சுத்தமாகும்.

சரி, எது நல்ல வண்டி?

போக வேண்டிய தூரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காசிமேடு துறைமுகத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை 10 கி.மீ.க்குள்தான். போக, வர 20 என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஐந்து நடை அடித்தாலும் 100 கி.மீ. மெதுவான, நின்று நின்று போகும் பாதை. வேலை முடிந்ததும் சார்ஜ் போட்டுவிடலாம். இங்கே மின்சார வண்டி ராஜா!

நாகப்பட்டினத்துக்குப் போய் மீன் ஏற்றிவர வேண்டுமா? ஒரு வழிப் பயணமே சுமார் 300 கி.மீ. நடுவழியில் சார்ஜ் செய்யக் காத்திருந்தால் ஐஸ் உருகிவிடும். அங்கே இன்றைக்கு டீசலோ ஹைபிரிட்டோதான் கைகொடுக்கும்.

இந்தக் கணக்கு விளையாட்டல்ல, குட்டீஸ். மின்சார வண்டிக்குக் கிலோமீட்டர் செலவு குறைவு. வாங்கும்போது விலை அதிகம். பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வண்டி எடுக்கிறார்கள். பொருந்தாத வண்டியை எடுத்துவிட்டால், மாதாமாதம் தவணை கட்ட முடியாமல் ஒரு குடும்பமே தவித்துப்போகும். பொருத்தமானதை எடுத்தால், டீசலுக்குப் போன பணம் பிள்ளைகளின் படிப்புக்கு மிஞ்சும்.

உங்களுக்கு ஒரு வேலை!

உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் கேன் வண்டி, காய்கறி வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி ஆகியவற்றின் டிரைவர் அண்ணன்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது? எவ்வளவு கிலோ ஏற்றுகிறீர்கள்? இரவில் வண்டி எங்கே நிற்கிறது? பதில்களை நோட்டில் எழுதி, எந்த வண்டி கரண்ட்டுக்கு மாறலாம், எது மாறக்கூடாது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கேள்வி கேட்கப் போகாதீர்கள், சரியா?