அலமாரியிலிருந்து பைக்குள்



ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் ஜவுளிக் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. தராவீஹ் தொழுதுவிட்டு வந்த குடும்பங்கள் பெருநாள் துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க, உள்ளறையில் ஒருவர் கேமராத் திரையைப் பார்த்தவாறு அமர்ந்திருப்பார். அந்தத் திரையில் சில வேளை நம் வீட்டுப் பிள்ளையும் அகப்படுகிறான் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

“வாசலைத் தாண்டினால்தானே திருட்டு? உள்ளே இருக்கும்போது எப்படித் திருட்டாகும்?” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. இது தவறான எண்ணமாகும். உடைமைக்காரரின் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கத்துடன் பொருளை இடம்பெயர்த்த அந்தக் கணத்திலேயே திருட்டு நிறைவேறிவிடுகிறது என்பதே சட்டம். அத்தர்ப் புட்டி அலமாரியிலிருந்து அந்த நோக்கத்தோடு சட்டைப் பைக்குள் போனவுடன் குற்றம் முடிந்துவிட்டது. வாசலில் பிடிபடுவது அதற்கான சான்றை வலுப்படுத்துகிறது, அவ்வளவே.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 379ஆம் பிரிவு இன்று 303(2). மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை தண்டிக்கப்படுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல். புதிய சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமுதாய சேவையே தண்டனை. ஆனால், ‘சின்னப் பொருள்தானே’ என்று இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பொருள்களை வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று 305ஆம் பிரிவின் கீழ் வழக்குப் பதிவானால், ஏழாண்டு வரை சிறை. அப்பிரிவில் 5,000 ரூபாய்ச் சலுகை இல்லை. விலைச்சீட்டை மாற்றி ஒட்டிக் குறைந்த விலைக்கு வாங்குவதோ திருட்டுகூட அல்ல, மோசடி. அதற்கும் ஏழாண்டு வரை உண்டு.

இன்னொன்றைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையின் துணிக்குள் பொருளை மறைப்பதும், ‘சிறு பிள்ளையை யார் சந்தேகிப்பார்?’ என்று பிள்ளையை எடுக்கச் சொல்வதும் ஆங்காங்கே நடக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைக் குற்றத்தில் ஈடுபடுத்துவோருக்கு 95ஆம் பிரிவின்படி குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பத்தாண்டு சிறை. திருடியதைவிடத் திருடச் சொன்னது பெரிய குற்றம்!

இனி மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது? மக்கா வெற்றியின்போது (ஹிஜ்ரி 8) மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடிவிட்டாள். உயர்ந்த குலமாயிற்றே என்று குறைஷிகள் உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்கு அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் கடிந்து அதை மறுத்தார்கள். தம் அருமை மகளார் திருடினாலும் இதே தீர்ப்புதான் என்றார்கள். திருட்டுக்கான ஹத்துத் தண்டனைக்குக் குறிப்பிட்ட அளவு மதிப்பும் (ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனார், ஹனஃபீ மத்ஹபில் பத்து திர்ஹம்), பொருள் பாதுகாப்பில் இருந்திருப்பதும் நிபந்தனைகள் என ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. அதை நிறைவேற்றும் அதிகாரம் ஆட்சியாளருக்குரியது, தனி மனிதருக்கன்று. ஆனால் அந்த அளவு தண்டனைக்குத்தான், ஹராமுக்கு அல்ல. ஒரு பேனாவும் ஹராமே.

“பெரிய கடைக்காரனுக்கு இது ஒரு நஷ்டமா?” என்பாரும் உண்டு. நஷ்டம் எப்போதும் முதலாளியோடு நின்றுவிடுவதில்லை. ஊழியரின் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கு அவருடைய கவனக்குறைவால் குறைந்தால், அதைச் சம்பளத்தில் பிடிக்க ஊதியம் பற்றிய சட்டம் இடமளிக்கிறது. பகலெல்லாம் நின்றபடியே துணி மடித்த பெண்ணின் கூலியிலிருந்து நம் பிள்ளை எடுத்திருக்கக்கூடும். இது ஹக்குல் இபாத், அடியாருக்குரிய உரிமை. தவ்பாவோடு பொருளையும் திருப்ப வேண்டும். ‘நான்தான் எடுத்தேன்’ என்று தன்னை வெளிப்படுத்தாமல் உரியவரிடம் சேர்த்துவிடவும் அறிஞர்கள் இடம் தருகிறார்கள். உரியவரைக் காணவே முடியாதபோதுதான் அவர் பெயரால் தர்மம்.

ஸஃப்வான் பின் உமையா (ரலி) பள்ளிவாசலில் உறங்கியபோது அவர்களின் மேலாடை திருடப்பட்டது. திருடனைப் பிடித்து நபியவர்களிடம் கொண்டுவந்தார்கள். தீர்ப்பைக் கேட்டதும் மனமிளகி, ‘ஆடையை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்’ என்றார்கள். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாமே என்ற கருத்தில் நபியவர்கள் மறுமொழி கூறினார்கள். மன்னிப்பதற்குரிய நேரம் விஷயம் தீர்ப்பாளரிடம் செல்வதற்கு முன்பு என்பது இதிலிருந்து விளங்குகிறது. நமது நாட்டுச் சட்டமோ 303(2) வழக்கில் பின்னரும் சமரசம் செய்துகொள்ள உடைமைக்காரருக்கு வழி வைத்திருக்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம் என்று 1967ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. வளைகுடா வேலையை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சிறையைவிடப் பெரிய அடியாகும்.

கடையிலிருந்து தொலைபேசி வந்தால் பெற்றோர் என்ன செய்வது? பிள்ளையை அங்கேயே நாலு பேர் முன்னிலையில் அடிக்காதீர்கள். கடைக்காரருக்கும் அடிக்க உரிமையில்லை. அது தனிக் குற்றம். காவல்துறையிடம் ஒப்படைப்பதற்காகப் பிடித்து வைக்கும் அதிகாரம் பொதுமக்களுக்குச் சில குற்றங்களில் மட்டுமே உண்டு. அதுவும் ஆறு மணி நேரத்திற்குள் ஒப்படைத்தாக வேண்டும். கைதான பெண்ணைச் சோதிப்பதாயின் பெண்ணே, கண்ணியம் காத்துச் சோதிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்லும்; லாக்கப்பில் அடைக்கக் கூடாது. வயது வந்தவராயினும் முன்தண்டனை இல்லாதவரைக் கண்டித்து விடுவிக்க 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தளர வேண்டாம். பெண்கள், சிறுவர்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகத்தை விசாரித்து, மனு எழுதிக் கொடுத்தால் போதுமானது.