ஏற்றத்தைவிட இறக்கத்தில் கவனம்!

‘மே மாசம் கொடைக்கானல் போறோம். அங்கே மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டணும்னு பசங்க ஒரே பிடிவாதம்’ என்கிறீர்களா? பேஷாக ஓட்டட்டும். நீங்களும்தான் ஓட்டுங்களேன்!

ஆனால், போய் இறங்கியதுமே வேண்டாம். ஏறக்குறைய 7,000 அடி உயரம். சுவாசத்துக்குக் கிடைக்கும் பிராணவாயு சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் நாள் சும்மா நடங்கள். மறுநாள் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஓட்டலாம். மூச்சு இரைக்காமல் பேசிக்கொண்டே ஓட்ட முடிந்தால் அப்புறம் மேட்டுப் பாதை.

ஏற்றத்தில் முடியலைன்னா இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். சிக்கலே இறக்கத்தில்தான்! அப்பா உயர சைக்கிளில் பத்து வயசுப் பையன், பிடிக்காத பிரேக்... நினைத்தாலே பகீரென்கிறது. வாடகைக்கு எடுக்கும்போதே பையனை சீட்டில் உட்கார வையுங்கள். இரண்டு கால் விரல்களும் தரையில் பட வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டு தள்ளினால் சக்கரம் உருள்கிறதா? வேறு சைக்கிள் கேளுங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்கணும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் குப்புற விழ வேண்டியதுதான். அளவான ஹெல்மெட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.

வீஸிங், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பெடலில் கால் வைக்க வேண்டாம். குளிர்தானே என்று தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். பிற்பகலில் கோடை மழை பிடித்துக்கொள்ளும். 11 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.